சோதித்து ஏற்கும் சுதந்திரம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்ணப்பித்துக்கொண்டவர்களுக்கு ஓராண்டுத் தவணை கிடைத்தது உண்மையே. ஆனால் அடுத்த படியாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், ஏறத்தாழ 2018-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வந்த பிராசஸரையும் நிபந்தனையாகக் கேட்கிறது. அதனால், விசைகள் தேயாமல், திரை மங்காமல், கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும் இன்றும் பூரணமாக உபயோகப்படுகிற எத்தனையோ கணினிகள், தம்மிடம் யாதொரு பழுதும் இல்லாமலே, காலாவதியானவை என்ற பெயரைச் சுமக்க நேர்ந்திருக்கிறது. இத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் பலர் இப்பொழுது, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போடலாமா என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

போடலாம் என்பதே என் பதில். ஆயினும் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸுக்கு விலை இல்லை, பழைய கணினியிலும் அது சுறுசுறுப்பாக ஓடும் என்பனவற்றை எல்லாரும் சொல்வார்கள். நான் முதன்மையாகக் கருதுவது, ஒரு பொருளை நம் வீட்டில், நம் மேசைமேல், நம்முடைய வேலையிலேயே ஈடுபடுத்திப் பரீட்சித்துப் பார்த்து, இசைந்தால் ஏற்கவும் இசையாவிட்டால் எவருக்கும் சமாதானம் சொல்லாமல் விலக்கவும் அது நமக்கு அளிக்கும் சுதந்திரத்தை. சந்தையில் மண்பானை வாங்குகிறவள், விரல் முட்டியால் தட்டி ஓசையைக் கேட்டு, கீறல் இல்லை என்று நிச்சயித்த பிறகே முந்தானையிலிருந்து காசை அவிழ்க்கிறாள். பானைக்குக் காட்டும் அந்த விவேகத்தை, குடும்பத்தின் கடிதங்களும் புகைப்படங்களும் வங்கிக் கணக்கின் திறவுகோலும் குடியிருக்கும் கணினிக்குக் காட்ட நெடுங்காலம் நமக்கு வழி இல்லாதிருந்தது. இன்று வழி இருக்கிறது. அவ்வழியில் கிரமமாக நடப்பதும், பிறர் நடப்பதற்குத் துணைநிற்பதும் நம் கடமை என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவரும் உபயோகிக்கவும், பிரித்துப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்துக் குனூ என்னும் முயற்சியைத் தொடங்கினார். பின்லாந்தின் ஹெல்சின்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல், அத்தகைய இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலை எழுதி வெளியிட்டு, மறு ஆண்டே அதைக் குனூவின் கட்டற்ற உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இவ்விரண்டையும் இணைத்து, அன்றாட வேலைக்கான செயலிகளையும் சேர்த்து, நிறுவுவதற்கு ஏற்ற ஒரே கட்டாக அளிப்பதைத்தான் லினக்ஸ் வழங்கல் என்கிறோம். ஸ்லாக்வேரும் டெபியனும் 1993-இல் பிறந்தவை. டெபியனை ஆதாரமாகக் கொண்டு 2004-இல் உபுண்டுவும், உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு 2006-இல் லினக்ஸ் மின்ட்டும் தோன்றின. ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றை அடக்கிய பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆகவே, இது அனுபவமற்ற புது வரவு என்ற தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

பரீட்சித்துப் பார்க்கும் வசதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் முன்பே இருந்ததாயினும், அதைப் பலரும் அறியச் செய்தது ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்னும் வழங்கல். 700 மெகாபைட் கொள்ளும் ஒரு குறுந்தகட்டில் ஏறத்தாழ 2 கிகாபைட் அளவு மென்பொருளைச் சுருக்கி அடக்கி, தகட்டைப் போட்டுக் கணினியை இயக்கினால் முழுத் திரையும் எழுந்து நிற்கும்படி அவர் செய்தார். இப்போது குறுந்தகட்டின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்துக்கொண்டிருக்கிறது, தத்துவம் அதேதான். சுருக்கிய உருவம் பென் டிரைவிலிருந்து படிக்கப்படுகிறது. நாம் செய்யும் மாறுதல்கள் ராம் நினைவகத்தில் மட்டும் தங்குகின்றன. கணினியை நிறுத்தியதும் அவை மறைந்துவிடுகின்றன. நாமே போய் வன்தட்டைத் திறந்து எதையேனும் அழித்தாலன்றி, அதிலுள்ள விண்டோஸும் கோப்புகளும் இருந்தபடியே இருக்கும். இந்த நிலையில் இயங்குவதை ‘லைவ்’ என்பார்கள்.

நூற்றுக்கணக்கான வழங்கல்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற மலைப்பு முதலில் எல்லாருக்கும் உண்டாவதே. விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு லினக்ஸ் மின்ட்டை நான் சிபாரிசு செய்வேன். கீழே இடப்பக்கத்தில் பட்டியல் பொத்தானும் வலப்பக்கத்தில் கடிகாரமும் அமைந்த அதன் திரை பழகிய கைக்கு அந்நியமாகத் தோன்றாது. 2 கிகாபைட் ராமும் 20 கிகாபைட் இடமும் இருந்தால் அது இயங்கும். 4 கிகாபைட் ராமும் 100 கிகாபைட் இடமும் இருந்தால் சௌகரியமாக இயங்கும். அதன் சினமன், மேட், எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் மூன்று பதிப்புகளில் கடைசியானது வலுக்குறைந்த கணினிகளுக்கு மிகவும் உகந்தது. 2024-இல் வெளியான மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்பதால், ஆண்டுதோறும் புதிதாக நிறுவும் பிரயாசையும் இல்லை.

தேர்ந்தெடுத்த வழங்கலின் முழு உருவமும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கியதும் பலர் அலட்சியம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது. அந்தக் கோப்புக்குரிய எஸ்.எச்.ஏ.256 என்னும் 64 இலக்கக் கைரேகையைத் தளத்திலேயே பிரசுரித்திருப்பார்கள். நம்மிடம் வந்துசேர்ந்த கோப்பின் கைரேகையைக் கணக்கிட்டு, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி மின்ட்டின் தளத்துக்குள்ளேயே விஷமிகள் புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை, திருட்டு வாசல் வைத்த போலிக் கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தவர்களும் மின்ட் குழுவினரே. தளமே கைப்பற்றப்படும்போது அதிலுள்ள கைரேகையும் மாற்றப்படலாம் என்பதால்தான், கைரேகைகளின் பட்டியலின்மேல் குழுவினர் இடுகிற டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கச் சொல்கிறார்கள். சில நிமிஷங்களில் முடிகிற இந்தச் சோதனை, நம்பிக்கை வைப்பதற்கு முன் நம்பத்தக்கதா என்று பார்க்கும் பழக்கத்தின் முதல் பாடம்.

பிறகு ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு செயலியால் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து எழும்பாது. பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைச் செருகிக் கணினியை இயக்கும்போது, தயாரிப்புக்குத் தக்கபடி எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து எழும்புவது என்ற பட்டியல் தோன்றும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இட்டிருப்பவர்கள், இவ்வளவு தூரம் வருவதற்கு முன்பே, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். தொடக்க அமைப்புகளைத் தொட்டால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அப்போது அது இல்லாமற்போனால் கோப்புகள் நமக்கே எட்டாதவையாகிவிடும்.

லைவ் திரை எழுந்துவிட்டது. அதில் ‘நிறுவு’ என்று ஒரு சின்னம் கண்ணில் படும்படியாகவே இருக்கும். அதைத் தொடாதீர்கள் என்று புதியவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். முதலில் வைஃபை பட்டியலில் நம் வீட்டுப் பெயர் தெரிகிறதா, இணைகிறதா என்று பார்க்க வேண்டும். சில பிராட்காம் சில்லுகளுக்கு இயக்கி தனியாக வேண்டியிருக்கும். ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, ஹெட்போனைச் செருகினால் ஒலி அதற்கு மாறுகிறதா, பிடுங்கினால் திரும்புகிறதா என்று கவனிக்க வேண்டும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் பணிகின்றனவா, கேமராவில் முகம் தெரிகிறதா, மூடியைச் சாத்தி ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா என்பவை எல்லாம் அற்பமாகத் தோன்றும் சோதனைகள். ஆனால் இவற்றில் ஒன்று பிசகினாலும், பிற்பாடு நாள்தோறும் நம் பொறுமையைச் சோதிப்பது அதுவே. இந்தச் சோதனைகள் முடிந்தபின், வழக்கமாகச் செய்கிற ஒரு நாளின் வேலையை அப்படியே அதில் செய்து பார்க்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலகச் செயலியில் நம்முடைய பழைய கணக்குத்தாள் ஒன்றைத் திறந்து, கூட்டல்களும் கட்டங்களும் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஆயிரம் பேருடைய அபிப்பிராயத்தைவிடப் பிரயோஜனமானது. பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சற்றுக் குறைந்தே இருக்கும். நிறுவியபின் அக்குறை நீங்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பரீட்சை உண்டு. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால், தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகளோடு, இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. நம் கைக்குப் பழகியதைத் தேர்ந்தெடுத்து ஒரு பத்தி அடித்துப் பார்க்க வேண்டும். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் உடையாமல் வருகின்றனவா, அழிக்கும் விசையை அழுத்தினால் எதிர்பார்த்தபடி அழிகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு பத்தியில் தெரிந்துபோகும். யூனிகோடுக்கு முற்பட்ட பாமினி முதலிய எழுத்துருக்களில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டுவந்து சேர்த்தால்தான் அவை படிக்கும்படி தெரியும்.

இவ்வளவு சோதித்த பிறகு, வேண்டாம் என்ற முடிவுக்கு ஒருவர் வந்தால் அது தோல்வி ஆகாது. டாலியில் கணக்கு வைக்கும் வியாபாரிக்கும், கோரல்டிராவிலும் ஃபோட்டோஷாப்பிலும் அழைப்பிதழ் செய்யும் அச்சகத்தாருக்கும், அந்தச் செயலிகள் லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. மாற்றுச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பு அவற்றில் பிசகின்றித் திறக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அவர்களை லினக்ஸுக்கு வரும்படி வற்புறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஒருவருடைய ஜீவனத்துக்கு ஆதாரமான ஒரே கணினியில், அபிமானத்தின் வேகத்தில், இயங்குதளத்தை மாற்றிவைப்பது உபகாரம் ஆகாது. கட்டற்ற மென்பொருளின் பேரில் உண்மையான பக்தி உடையவர்கள், அதன் எல்லைகளையும் சேர்த்தே எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நிறுவத் தொடங்கலாம். மொழி, விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்ட பிறகு வரும் ஒரு திரையில்தான் ஜாக்கிரதை முழுவதும் தேவைப்படுகிறது. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுவதா, அல்லது பகுதிகளை நாமே பிரித்துக்கொள்வதா என்று அத்திரை கேட்கும். ‘அழித்து’ என்ற சொல்லுக்கு அங்கே பொருள் பூரணமானது. விண்டோஸ், டி டிரைவில் வைத்த கலியாண வீடியோ, மகளின் ப்ராஜெக்ட் எல்லாம் ஒருசேரப் போய்விடும். ஆகவே, வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்து நிச்சயித்த பிறகே இத்திரைக்கு வரவேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்திவிடுவது நல்லது. அது இருக்குமட்டும் விண்டோஸ் முழுமையாக அடங்குவதில்லை. அதன் பகுதியில் லினக்ஸ் எழுத முயன்றால் தடைபடும். எந்தத் தட்டில், எந்தப் பகுதியில், என்ன மாறுதல் நிகழப்போகிறது என்று எழுதிக் காட்டி, நிறுவும் செயலி கடைசி முறையாகச் சம்மதம் கேட்கும். அந்தப் பெட்டியை வரி விடாமல் படித்து, அளவுகளைச் சரிபார்த்து, பிறகு ஆமோதியுங்கள். அதுவரை பின்வாங்க இடம் உண்டு. நிறுவி முடிந்ததும் திருத்தங்களை ஏற்றி, டைம்ஷிஃப்ட் என்னும் செயலியால் அமைப்பின் நிலையைச் சேமித்துக்கொண்டால், பின்னால் ஏதேனும் கோளாறு நேர்ந்தாலும் பழைய நிலைக்கு மீளலாம்.

இவ்வளவும் கேட்டவர்கள், இது கற்றவர்களுக்கு உரிய காரியம், நமக்கு ஆகாது என்று ஒதுங்க நினைக்கலாம். அந்த எண்ணத்தைத் தனிமனிதர்களின் குறையாக நான் கருதவில்லை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்த்து மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் கணினியை இயக்கியதும் இரண்டு பெயர்கள் தோன்றும்போது, இரண்டாவது எதற்கு, அதில் என்ன செய்யலாம் என்று அருகிருந்து சொல்லித்தரப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. இடத்தை வீணாக அடைக்கும் ஒன்றாக அதைக் கருதி அழித்துவிட்ட மாணவர்கள் பலரை நான் அறிவேன். பொருளைக் கொடுத்தோம், பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பத்தைக் கொடுக்கவில்லை. அண்டை மாநிலமாகிய கேரளத்தில், ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தின் வாயிலாக ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி அளித்து, பாடநூலையும் செய்முறைத் தேர்வையும் கட்டற்ற மென்பொருளிலேயே அமைத்து, அந்தத் திட்டம் 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறிய பின்னும் அதே வழியைத் தொடர்ந்திருக்கிறார்கள். அங்கே மாணவன் லினக்ஸைத் தன் ஆசிரியரின் கையில் பார்த்துப் பழகுகிறான். இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தைச் சார்ந்ததன்று, துணையைச் சார்ந்தது.

துணைக்கு நம்மிடம் ஆள் இல்லாமலும் இல்லை. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் ஆர்வலர் குழுக்கள் கூடி வருகின்றன. கணியம் என்னும் தமிழ் மின்னிதழ் 2012 முதல் இவ்விஷயங்களை எளிய தமிழில் எழுதிவருகிறது. உபுண்டு நிறுவனத்தார் 2011 வரை செலவின்றி அஞ்சலில் அனுப்பிவந்த குறுந்தகடுகளால் லினக்ஸைக் கற்று, இன்று அதனாலேயே உத்தியோகம் பார்ப்பவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். குறைவது, அவர்களும் பொதுமக்களும் சந்திக்கும் இடமும் நாளும்தான். மாவட்ட மைய நூலகங்கள் ஒவ்வொன்றிலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். இரண்டு மூன்று வழங்கல்கள் எழுதிய சில பென் டிரைவுகள், பிரதி எடுப்பதற்கு ஒரு வெளி வன்தட்டு, பக்கத்துக் கல்லூரியின் கணினித் துறையிலிருந்து இரண்டு மாணவர்கள், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் என்பவற்றைத் தவிர வேறு செலவு எதுவும் இதற்குத் தேவைப்படாது. வருகிறவர் தம் கணினியை லைவில் இயக்கிப் பார்த்துவிட்டு, அன்றே தீர்மானிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல், பென் டிரைவை ஒரு மாதத்துக்குப் புத்தகம் போலவே பெயர் எழுதி எடுத்துப்போகலாம். அடுத்த மாதம் அவர் வரும்போது, வேண்டும் என்றால் உடனிருந்து நிறுவித் தரலாம். வேண்டாம் என்றால் பென் டிரைவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

நூலகத் துறையும் உயர்கல்வித் துறையும் கூடிப் பேசினால் வருகிற கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிட முடியும். எத்தனை கணினிகளில் லினக்ஸ் ஏறியது என்ற கணக்கை வைத்து அதன் வெற்றியை அளக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து வேண்டாம் என்று திரும்புகிறவரும், தம்முடைய கணினி எப்படி எழும்புகிறது, கோப்புகள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்குப் பிரதி எப்படி எடுப்பது, இறக்கிய பொருள் அசல்தானா என்பவற்றை அறிந்தவராகத் திரும்புவார். விண்டோஸிலேயே தொடர்ந்து இருந்தாலும் அந்த அறிவு அவரைக் காக்கும். தொலைவில் உள்ள ஒரு நிறுவனம் குறித்த தேதியில் தம் கணினி உபயோகமற்றுப் போகுமா என்ற கேள்விக்கு, இனி அவர் தாமே பார்த்து, தாமே தீர்மானித்துப் பதில் சொல்லக்கூடியவராவார். அந்தத் தகுதியை நம் மக்கள் ஒவ்வொருவருக்கும் உண்டாக்குவதைக் கல்வியின் அங்கமாகவே அரசு மேற்கொள்ள வேண்டும்.